மெல்லாமல் விழுங்கும் உயிர்கள்: தவளையும் பாம்பும் முதலையும் இரை பிடிப்பது எப்படி?

நாம் ஒரு வாய் உணவு உண்பதற்குள் எத்தனை உறுப்புகள் வேலை செய்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கை எடுத்துக் கொடுக்கிறது. முன்பல் கடிக்கிறது, கடைவாய்ப்பல் அரைக்கிறது. நாக்கு உணவைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. உணவு வெளியே விழாமல் கன்னமும் உதடும் காக்கின்றன. தொண்டைக்குள் இறங்கும்போது அது கூழாகிவிடுகிறது.

பாம்புக்குக் கையும் இல்லை, கடைவாய்ப்பல்லும் இல்லை. தவளைக்கு முன்கால்கள் உண்டு. ஆனால் வாயோரம் நெளியும் மண்புழுவை உள்ளே தள்ளிவிடுவதற்கு மேல் அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முதலைக்கு வாய் நிறையப் பற்கள். அவற்றில் ஒன்றுகூட அரைப்பதற்கு ஏற்றதல்ல. போதாததற்கு இவை உண்ணப்போகும் பொருள் தட்டில் அமைதியாக இருப்பதும் இல்லை. அது ஓடும், பறக்கும், கடிக்கும், உதைக்கும்.

ஊர்வனவற்றில் 12,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தவளை, தேரை, பல்லி போன்ற உருவமுள்ள சாலமாண்டர், காலில்லாத சிசிலியன் ஆகியவை அடங்கிய இருவாழ்விகளில் 8,000க்கும் மேல். இவற்றில் மிகப் பெரும்பாலானவை இரையை மெல்வதில்லை. பிடித்ததை முழுதாகவோ பெருந்துண்டாகவோ விழுங்குகின்றன. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், இவற்றின் நாக்கும் தாடையும் மண்டையோடும் ஏன் இத்தனை விசித்திரமாக அமைந்திருக்கின்றன என்பது தானாகவே விளங்கத் தொடங்கும். மென்று தின்பதற்கு வழியில்லாததால், பிடிப்பதிலும் விழுங்குவதிலும் இவற்றின் உடல் அபாரமான வழிகளைக் கண்டிருக்கிறது.

இன்னொரு அடிப்படையும் உண்டு. பறவைகளும் பாலூட்டிகளும் உண்பதில் பெரும்பகுதியை உடலைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவிடுகின்றன. ஊர்வனவும் இருவாழ்விகளும் வெயிலிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வெப்பத்தைப் பெறுகின்றன. அதனால் ஒரே எடையுள்ள ஒரு பாலூட்டியையும் ஒரு பல்லியினத்தையும் ஒப்பிட்டால், பல்லிக்குத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். பசி இவற்றை விரட்டுவதில்லை. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் காத்திருக்கலாம். பெரிய பாம்புகள் மாதக்கணக்கில் உண்ணாமலும் இருக்கலாம். ஓணானும் பச்சோந்தியும் விரியனும் காத்திருந்து பிடிப்பவை. உடும்பும் சாரைப்பாம்பும் அலைந்து தேடுபவை. எப்படித் தேடினாலும், பிடிக்கும் அந்த நொடிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நீருக்குள் பாய்ந்து பிடிப்பது ஏன் கடினம்?

நீரில் வாயைத் திறந்தபடி வேகமாக முன்னே பாய்ந்தால், நமக்கு முன்னிருக்கும் நீரையும் சேர்த்துத் தள்ளுவோம். அந்த நீர் இரையையும் அப்பால் தள்ளிவிடும். ஆகவே நீர்வாழ் உயிர்கள் பல, இரையை நோக்கிப் போவதைவிட இரையைத் தம்மிடம் வரவழைக்கின்றன. தொண்டையைச் சட்டென விரித்தால் வாய்க்குள் அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள நீர் உள்ளே பாய்கிறது. அதோடு மீனோ புழுவோ வந்து சேர்கிறது. மெக்சிகோவின் ஆக்சலாட்டல் என்ற சாலமாண்டர், சீனாவின் பெரும் சாலமாண்டர் ஆகியவற்றின் வழி இதுதான். நாக்கே இல்லாத தவளைகளும் உண்டு: ஆப்பிரிக்க நகத்தவளையும் தென் அமெரிக்காவின் சூரினாம் தேரையும். வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருப்பதால் அவை உறிஞ்சியே பிழைக்கின்றன.

இதில் தேர்ந்தது அமேசான் பகுதியின் மாட்டாமாட்டா ஆமை. தட்டையான தலை, கழுத்தில் தொங்கும் தோல் மடிப்புகள் ஆகியவற்றோடு அடிச்சேற்றில் கிடந்தால் அழுகிய இலைக்குவியல் என்றே தோன்றும். மீன் அருகில் வந்ததும் வாயையும் கழுத்தையும் ஒருசேர விரிக்கும். மீன் உள்ளே. பிறகு வாயைச் சற்றே திறந்து நீரை மட்டும் வெளியேற்றிவிட்டு மீனை விழுங்கும்.

வட அமெரிக்காவின் முதலை ஆமை வேறொரு தந்திரம் செய்கிறது. நீரடியில் வாயைத் திறந்து வைத்து அசையாமல் கிடக்கும். அதன் நாக்கில் புழுவைப் போன்ற இளஞ்சிவப்பு நீட்சி ஒன்று நெளிந்துகொண்டிருக்கும். புழுவென நம்பி உள்ளே நுழையும் மீனுக்குத் திரும்பி வர வழியில்லை.

தவளையின் நாக்கு

நிலத்துக்கு வந்துவிட்டால் உறிஞ்சும் முறை பயன்படாது. காற்று மிக லேசானது. ஒரு வண்டைத் தூக்கிவரும் கனம் அதற்கு இல்லை. நிலத்தில் வாழும் தவளைகளுக்கு நாக்கு வேட்டைக் கருவியானது இதனால்தான்.

நம் நாக்கு தொண்டைப் பக்கம் வேரூன்றி, நுனி முன்னால் அசைகிறது. தவளைக்கு இது தலைகீழ். நாக்கின் வேர் கீழ்த்தாடையின் முன்விளிம்பில் இருக்கிறது. நுனி தொண்டையை நோக்கி மடிந்து கிடக்கிறது. தாடை சட்டெனத் தாழும்போது நாக்கு முன்னோக்கிப் புரண்டு விழுந்து பூச்சியை அறைகிறது. நாக்கு கிளம்பி இரையோடு திரும்புவதற்கு ஆகும் நேரம் 0.07 நொடிக்கும் குறைவு. நாம் கண் இமைப்பதற்குள் இது பலமுறை நடந்து முடிந்துவிடும்.

வேகமாக அறைந்தால் மட்டும் பூச்சி ஒட்டிக்கொள்ளுமா? வண்டின் முதுகு வழுவழுப்பானது. விட்டிலின் இறகில் தூள் படிந்திருக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான விளக்கம் தந்தது. தவளையின் நாக்கு மனித நாக்கைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு மென்மையானது. அதனால் பூச்சியின் மேல் பட்டவுடன் அது உடலைச் சுற்றிப் படிகிறது. உமிழ்நீரின் தன்மை இன்னும் வியப்பானது. வேகமாக மோதும்போது அது இளகி நீராகி, பூச்சியின் மேலுள்ள சின்னஞ்சிறு இடுக்குகளிலும் புகுகிறது. நாக்கு பின்னோக்கி இழுபடும்போது மீண்டும் கெட்டியாகிப் பூச்சியை விடாமல் பிடிக்கிறது. கொம்புத் தவளைகளை வைத்து 2014இல் செய்த சோதனையில், நாக்கின் ஒட்டும் விசை சில சமயம் தவளையின் சொந்த எடையைவிடவும் அதிகமாக இருந்தது.

ஆனால் இத்தனை கெட்டியாக ஒட்டிய பூச்சியை நாக்கிலிருந்து எப்படிப் பிரிப்பது? இங்கேதான் கண்கள் வருகின்றன. தவளை விழுங்கும்போது கவனித்தால் இரு கண்களும் உள்ளே அமிழ்ந்து மறைவது தெரியும். தவளையின் கண்குழிக்கும் வாய்க்கும் நடுவே எலும்புத் தடுப்பு இல்லை. கண்கள் கீழே இறங்கி, வாய்க்குள் இருக்கும் இரையை நேரடியாக அழுத்துகின்றன. அந்த விசையில் உமிழ்நீர் மறுபடி இளகிப் பூச்சி விடுபடுகிறது. தொண்டையை நோக்கியும் தள்ளப்படுகிறது. கண்ணை உள்ளிழுக்கும் தசை செயல்படாதபடி செய்து 2004இல் பார்த்தார்கள். தவளைகளால் அப்போதும் விழுங்க முடிந்தது, ஆனால் ஒவ்வொரு இரைக்கும் கூடுதல் முறை விழுங்க வேண்டியிருந்தது. பார்க்கும் உறுப்பே விழுங்கவும் உதவுகிறது என்பதை முதன்முதலில் அறிபவர் யாராக இருந்தாலும் ஒரு கணம் நின்றுவிடுவார்.

தவளைக்குப் பூச்சி என்பது அசையும் ஒன்று. சுற்றிலும் இறந்த ஈக்கள் கிடந்தாலும் அவற்றை உணவாகக் கண்டுகொள்ளாமல் பட்டினி கிடக்கக்கூடும். 1959இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லெட்வின் குழுவினர் தவளையின் பார்வை நரம்பை ஆராய்ந்தபோது, சிறிய, கருத்த, அசையும் பொருளுக்கு மட்டும் துடிக்கும் நரம்பிழைகள் இருப்பதைக் கண்டார்கள். மூளைக்குப் போகும் முன்பே, கண்ணிலேயே பூச்சி அடையாளம் காணப்படத் தொடங்குகிறது. ஜெர்மனியில் யோர்க்-பீட்டர் ஏவெர்ட் தேரைகளிடம் நீளமான ஒரு பட்டையை நகர்த்திக் காட்டினார். பட்டை தன் நீளவாக்கில் நகர்ந்தால் தேரை அதைப் புழுவென நினைத்துத் துரத்தியது. அதே பட்டையை நிமிர்த்தி நிறுத்தி நகர்த்தினால் சட்டை செய்யவில்லை, சில வேளை பயந்து ஒதுங்கியது.

இவ்வளவு தேர்ந்த வேட்டைக்காரர் தலைப்பிரட்டையாக இருந்த காலத்தில் பெரும்பாலும் பாசியைச் சுரண்டித் தின்றவர் என்பதையும் சொல்ல வேண்டும். உருமாறும்போது, நம் நகத்திலுள்ள கெரட்டின் என்ற பொருளாலான சின்ன அலகு உதிர்கிறது, நாக்கு வளர்கிறது, செடியுணவுக்கு ஏற்ற நீண்ட குடல் குறுகிப்போகிறது. வால் மறைவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள்; என்னைக் கேட்டால் வாயும் வயிறும் மாறுவதே அதைவிடப் பெரிய மாற்றம்.

பச்சோந்தி: தசையின் வேகத்தை மீறிய நாக்கு

பச்சோந்தியின் நாக்கு புரண்டு விழுவதில்லை. வாயிலிருந்து புறப்பட்டுப் பறக்கிறது. வாலை விட்டுவிட்டு உடலை மட்டும் அளந்தால், உடலைப் போல் இரண்டு மடங்கு தூரம் வரை போகும். சின்ன இனங்களில் இன்னும் அதிகம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டைவிரல் அளவேயுள்ள தான்சானியப் பச்சோந்தி ஒன்றின் நாக்கு உடல் நீளத்தைப் போல் இரண்டரை மடங்கு தூரம் பாய்ந்தது. அதன் முடுக்கம், கீழே விழும் பொருளின் முடுக்கத்தைப் போல் 264 மடங்கு. இருபது இனங்களை ஒப்பிட்டுப் பார்த்த அந்த ஆய்வில், உருவம் சிறுத்த இனங்களே உடலளவுக்கு அதிக வேகம் காட்டின. சின்ன உடலுக்கு எடைக்கு எடை அதிக உணவு தேவை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம்.

எந்தத் தசையும் நேரடியாகச் சுருங்கி இந்த வேகத்தைத் தர முடியாது. அப்படியானால் எங்கிருந்து வருகிறது? நாக்கின் நடுவே மழுங்கிய ஊசியைப் போன்ற ஓர் எலும்பு இருக்கிறது. அதைச் சுற்றிக் குழாயாக ஒரு தசை. எலும்புக்கும் தசைக்கும் இடையே கொலாஜன் என்ற நார்ப்புரதத்தாலான மெல்லிய உறைகள் பல அடுக்காக உள்ளன. தசை மெதுவாகச் சுருங்கி அந்த உறைகளை இழுத்து நீட்டுகிறது. ஆற்றல் அவற்றில் சேர்கிறது. இறுதியில் உறைகள் எலும்பின் உருண்ட நுனியைத் தாண்டி வழுக்கும்போது, ஈரக் கையில் அழுத்திப் பிடித்த சோப்புக்கட்டி எகிறிப் பறப்பதைப் போல, சேர்ந்த ஆற்றல் முழுவதும் ஒரே கணத்தில் விடுபட்டு நாக்கு பாய்கிறது. 2004இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்த அமைப்பை விளக்கினார்கள்.

இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைக்கிறது. குளிரில் தசைகள் மந்தமாகும்; ஆகவே குளிர்ந்த காலையில் பெரும்பாலான ஓணான்களால் விரைந்து வேட்டையாட முடியாது. ஆனால் நீட்டி வைத்த உறை விடுபடும் வேகத்தைக் குளிர் பெரிதாகப் பாதிப்பதில்லை. 2010இல் அளந்தபோது, வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் நாக்கு பாயும் திறன் 10 முதல் 19 விழுக்காடு வரைதான் குறைந்தது. நாக்கைத் திரும்ப இழுப்பது முழுக்கத் தசையின் வேலை என்பதால், அந்தத் திறன் 42 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. மற்றவை வெயிலுக்காகக் காத்திருக்கும்போதே பச்சோந்தி காலை உணவை முடித்துவிடலாம்.

நாக்கின் நுனியிலுள்ள சளி மனித உமிழ்நீரைவிட சுமார் 400 மடங்கு கெட்டியானது என்று 2016இல் கணக்கிட்டார்கள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கனமுள்ள இரையையும் பச்சோந்தி இதைக் கொண்டு இழுத்து வந்துவிடுகிறது.

பறக்கும் நாக்கு பச்சோந்திக்கு மட்டும் சொந்தமல்ல. நுரையீரலே இல்லாமல் தோலால் மூச்சுவிடும் சாலமாண்டர்கள் சிலவும் இதே கலையில் வல்லவை. மற்ற இருவாழ்விகளில் தொண்டையின் நாவடி எலும்புகள் காற்றை நுரையீரலுக்குள் தள்ளும் வேலையையும் செய்ய வேண்டும். நுரையீரல் இல்லாத சாலமாண்டருக்கு அந்தக் கடமை இல்லை. நாவடி எலும்புகள் வேட்டைக்கென்றே மாறிவிட்டன. ஐரோப்பாவின் குகைச் சாலமாண்டர்கள் அந்த எலும்புகளையும் நாக்கோடு சேர்த்தே வெளியே எறிகின்றன. மண்ணுக்கடியில் வாழும் காலில்லாச் சிசிலியன்களுக்கு நாக்கை எறிய இடமேது? அவை மண்புழுவைக் கவ்வி, உடலையே திருகிச் சுழன்று துண்டாக்குகின்றன.

பாம்பு: கண்டுபிடி, கொல், விழுங்கு

பாம்பின் வேட்டையை மூன்று கட்டங்களாகப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

முதலில் கண்டுபிடிப்பது. பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது கொத்துவதற்காக அல்ல. காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகள்களை நாக்கு சேகரித்துக்கொண்டு போய், வாயின் மேலண்ணத்திலுள்ள, மணமறியும் ஜேக்கப்சன் உறுப்பிடம் சேர்க்கிறது. நாக்கு பிளந்திருப்பதால் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் மணம் பிடிக்க முடிகிறது. வலக்கிளையில் எலியின் மணம் தூக்கலாக இருந்தால் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்று பாம்புக்குத் தெரியும். குழிவிரியன்களுக்குக் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவிலும், மலைப்பாம்புகளுக்கு உதட்டோரத்திலும் வெப்பமுணரும் குழிகள் உள்ளன. கும்மிருட்டிலும் எலியின் உடல் வெப்பம் இவற்றில் பதிகிறது.

சில பாம்புகள் தேடாமல் வரவழைக்கின்றன. 2006இல் விவரிக்கப்பட்ட ஈரான் நாட்டு விரியன் ஒன்றின் வால்நுனி அச்சு அசலாகச் சிலந்தியைப் போலவே இருக்கும். பாறையில் உடலை மறைத்துக்கொண்டு வாலை மட்டும் ஆட்டும். சிலந்தியைக் கொத்த வரும் பறவை பாம்பின் வாயில் விழும். தென்கிழக்கு ஆசியாவின் நீரில் வாழும் கொம்புணர்ப் பாம்பு செய்வது இன்னும் நுட்பமானது. மீன்கள் அதிர்வை உணர்ந்தால் யோசிக்காமல் எதிர்ப்பக்கம் உடலை வளைத்துப் பாயும். இந்தப் பாம்பு தலையை வளைத்து வைத்துக் காத்திருந்து, மீன் நடுவில் வந்ததும் கழுத்துப் பகுதியை லேசாக அசைக்கும். மீன் அந்த அதிர்வுக்குப் பயந்து பாம்பின் வாயை நோக்கியே பாயும். கென் கட்டானியா 2009இல் இதைப் படம்பிடித்துக் காட்டினார். மீன் எங்கே இருக்கிறது என்பதைவிட எங்கே வரப்போகிறது என்று கணித்தே பாம்பு கொத்துகிறது.

அடுத்து, கொல்வது. தவளைகளையும் மீன்களையும் பிடிக்கும் பல பாம்புகள் கொல்வதே இல்லை, உயிரோடு விழுங்கிவிடும். எலி, முயல் போன்ற பல்லும் நகமும் உள்ள இரை வேறு. அது பாம்பின் கண்ணையே கிழித்துவிடக்கூடும். நஞ்சும் இறுக்கிப் பிடிப்பதும் இங்கே தேவைப்படுகின்றன.

விரியன்களின் நச்சுப்பற்கள் நீளமானவை. வாய் மூடியிருக்கும்போது மேலண்ணத்தோடு மடிந்து கிடக்கும், கொத்தும்போது நிமிரும். ஆப்பிரிக்காவின் கபூன் விரியனுக்கு இவை 5 சென்டிமீட்டர் வரை வளர்கின்றன. நல்லபாம்புக்கும், பெயரில் மட்டும் விரியனான கட்டுவிரியனுக்கும் பற்கள் குட்டையானவை, மடங்காதவை. கிலுகிலுப்பைப் பாம்பு எலியைக் கொத்தியதும் விட்டுவிடுகிறது. எலி ஓடிப்போய் எங்கோ விழுந்து சாகிறது. பாம்பு நாக்கை நீட்டிக்கொண்டு அதன் தடத்தைத் தொடர்கிறது. நஞ்சிலுள்ள ஒருவகைப் புரதம் கொத்துப்பட்ட எலியின் மணத்தை மாற்றிவிடுவதால், நூறு எலி ஓடிய தடத்திலும் தன் எலியைக் கண்டுபிடித்துவிடும். மரத்தில் வாழ்ந்து பறவை பிடிக்கும் விரியன்கள் அப்படி விட்டுவிடுவதில்லை. பறந்து போன இரைக்குத் தரையில் தடம் ஏது? கவ்வியபடியே பிடித்துக்கொள்கின்றன.

மலைப்பாம்பும் அதைப் போன்ற போவா என்ற பாம்பும் சுற்றி இறுக்குகின்றன. இரை மூச்சுத்திணறிச் சாகிறது என்றுதான் நெடுங்காலம் எழுதி வந்தார்கள். 2015இல் ஸ்காட் போபாக் குழுவினர் போவா இறுக்கிய எலிகளின் இரத்த அழுத்தத்தை அளந்தபோது வேறு விடை வந்தது. சில நொடிகளிலேயே தமனியின் அழுத்தம் பாதியாகச் சரிகிறது, இரத்தவோட்டம் நின்றுபோகிறது. மூச்சு அடைபடுவதைவிட மிக விரைவான முடிவு இது. அதே குழுவினர் அதற்கு முன் 2012இல், இறந்த எலிகளுக்குள் செயற்கை இதயத்தை வைத்துப் போவாவிடம் கொடுத்திருந்தார்கள். இதயம் துடித்துக்கொண்டிருந்தபோது பாம்புகள் நீண்ட நேரம் இறுக்கின. துடிப்பை நிறுத்தியதும் தளர்த்திவிட்டன. இரையின் நாடியைப் பாம்பு தன் உடலால் கேட்கிறது.

கடைசியாக விழுங்குவது. பாம்பு தாடையைக் கழற்றி மாட்டுகிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல, எதுவும் கழல்வதில்லை. நம் கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முகவாயில் ஒன்றாக இணைந்திருக்கின்றன. பாம்புக்கு அவை இணையவில்லை. இழுபடும் தசைநார் ஒன்றுதான் நடுவில் இருக்கிறது. இதனால் கீழ்த்தாடைகள் பக்கவாட்டில் விலகுகின்றன. தாடையை மண்டையோட்டோடு இணைக்கும் எலும்பும் நன்றாக அசையக்கூடியது. தாடைகளுக்கு இடையிலுள்ள தோலும் வெகுவாக விரிகிறது. இவை எல்லாம் சேர்ந்துதான் தலையைவிடப் பல மடங்கு பெரிய இரை உள்ளே போகிறது.

உள்ளே தள்ளும் வேலையைச் செய்வது மேல்வாய். மலைப்பாம்பின் மேல்வாயில் பற்கள் நான்கு வரிசை: வெளியே இரண்டு, உள்ளே அண்ணத்தில் இரண்டு. எல்லாமே தொண்டையை நோக்கி வளைந்தவை. உள்வரிசைகள் வலமும் இடமுமாக மாறி மாறி முன்னேறுகின்றன. வலப்பக்கம் இரையைப் பிடித்திருக்கும்போது இடப்பக்கம் விட்டு முன்னே நகர்ந்து பிடிக்கிறது. உண்மையில் இரை பாம்புக்குள் போவதில்லை, பாம்புதான் இரையின் மேல் நடந்து போகிறது. பெரும்பாலும் தலையிலிருந்தே தொடங்கும். அப்போதுதான் காலும் இறகும் ரோமமும் மடங்கிக் கொடுக்கும்.

வாய் முழுக்க அடைபட்டிருக்கும்போது மூச்சு விடுவது எப்படி? மூச்சுக்குழாயின் வாயைப் பாம்பு கீழ்த்தாடையின் முன்புறம் வரை நீட்டி வெளியே வைத்துக்கொள்கிறது. விலா எலும்புகளின் ஒரு பகுதி இரையால் அழுத்தப்பட்டிருந்தாலும் வேறொரு பகுதியை அசைத்து மூச்சு விட போவாக்களால் முடியும் என்று 2022இல் தெரியவந்தது.

முட்டை மட்டுமே உண்ணும் ஆப்பிரிக்கப் பாம்பு, முட்டையை முழுதாக விழுங்கி, கழுத்திலுள்ள முதுகெலும்பு முட்களால் உடைத்து, கருவை இறக்கிவிட்டு ஓட்டைக் கக்குகிறது. ஜப்பானியத் தீவுகளில் நத்தை தின்னும் பாம்பு ஒன்றுக்கு வலத்தாடையில் சுமார் 25 பற்கள், இடத்தாடையில் சுமார் 18. பெரும்பாலான நத்தைகளின் ஓடு ஒரே பக்கமாகச் சுருண்டிருப்பதால், சதையை ஓட்டிலிருந்து உருவ இந்தச் சமனின்மை உதவுகிறது.

கடிப்பவை, கிழிப்பவை

முதலையின் வழி முற்றிலும் வேறு. 2012இல் வெளியான அளவீட்டில் உவர்நீர் முதலை ஒன்று 16,000 நியூட்டனுக்கும் மேற்பட்ட விசையோடு கடித்தது. அதுவரை உயிருள்ள விலங்கிடம் அளந்ததில் மிக அதிகம். ஆனால் வாயை மூடும் தசைகளுக்குத்தான் இந்த வலிமை. திறக்கும் தசைகள் மிகவும் நலிந்தவை.

கூம்பு வடிவப் பற்கள் குத்திப் பிடிக்கவே ஏற்றவை, வெட்ட ஏற்றவை அல்ல. அதனால் பெரிய இரையைக் கவ்விக்கொண்டு நீருக்குள் தன்னையே உருட்டி, தசையை முறுக்கிப் பிய்க்கிறது. அண்ணத்தின் பின்புறம் ஒரு மடல் தொண்டையை அடைத்துக்கொள்வதால் நீருக்கடியில் வாய் திறந்திருந்தாலும் நுரையீரலுக்குள் நீர் போவதில்லை. விழுங்க மட்டும் தலையை நீருக்கு மேலே தூக்கியாக வேண்டும். தாடையோரம் பரவியிருக்கும் சிறு கரும்புள்ளிகள் தொடுவுணர்வு உறுப்புகள். மனித விரல்நுனியைவிடக் கூர்மையானவை. நீரில் எழும் மிகச் சிறு அலையையும் இருட்டில் உணரும். இத்தனை விசையுள்ள தாடையால் முதலை தன் குஞ்சுகளைப் பற்றித் தூக்கிப் பத்திரமாக நீருக்குக் கொண்டுபோவதும் இந்த உணர்வால்தான் முடிகிறது என்று கருதுகிறார்கள். மீன் உண்ணும் கரியல் முதலைக்கு அகன்ற வாய் பயன்படாது. நீண்டு மெலிந்த அதன் மூக்கு நீரில் தடையின்றிப் பக்கவாட்டில் வீசி மீனைப் பிடிக்கிறது.

உண்மையாகவே வெட்டித் தின்னும் ஊர்வன குறைவு. இந்தோனேசியாவின் கொமோடோ டிராகன் என்ற பெரும் உடும்பு அவற்றில் முதன்மையானது. வளைந்த பற்களின் விளிம்பில் நுண்ணிய அரம்வெட்டுகள் உள்ளன. அந்த விளிம்பிலும் நுனியிலும் இரும்புச்சத்து படிந்து ஆரஞ்சு நிறமாக இருப்பதை 2024இல் கண்டறிந்தார்கள். கடித்துப் பின்னோக்கி இழுக்கும்போது சதை கிழிகிறது. அதன் வாயிலுள்ள கிருமிகளால் இரை சாகிறது என்ற பழைய நம்பிக்கை இன்னும் பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதை 2009இல் பிரையன் ஃப்ரை குழுவினர் காட்டினார்கள்; அந்த நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுக்கிறது, இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது.

நியூசிலாந்தின் டுவாட்டாரா மெல்வதற்கு மிக அருகில் வந்த ஊர்வன. கீழ்வரிசைப் பற்கள் இரண்டு மேல்வரிசைகளுக்கு நடுவே பொருந்தி, முன்னோக்கி நழுவி இரையை அறுக்கின்றன. ஆமைகளுக்குப் பல்லே இல்லை. கெரட்டின் அலகால் நறுக்குகின்றன. ஜெல்லிமீன் தின்னும் தோணியாமையின் உணவுக்குழாய் முழுவதும் உள்நோக்கிய முட்கள் இருக்கின்றன. வழுக்கும் ஜெல்லிமீன் வெளியேறாமல், கூடவே புகுந்த கடல்நீர் மட்டும் வெளியேற அவை வழிசெய்கின்றன.

விழுங்கிய பிறகு

மெல்லாமல் விழுங்கியதன் சுமை முழுவதும் வயிற்றின் மேல் விழுகிறது. எலும்போடும் ரோமத்தோடும் கிடக்கும் ஒரு முழு விலங்கை அமிலமும் நொதிகளும் மட்டுமே கரைத்தாக வேண்டும். முதலைக்கு இதில் அதன் இதயம் உதவுகிறது: நுரையீரலுக்குப் போக வேண்டிய, கரியமில வாயு மிகுந்த இரத்தத்தின் ஒரு பகுதியை அது வயிற்றுப் பக்கம் திருப்பிவிடும். அந்த வாயுவைக் கொண்டு வயிறு அமிலத்தை ஏராளமாகச் சுரக்கிறது.

பர்மிய மலைப்பாம்பின் உடலோ பட்டினி நாள்களில் குடலையும் இதயத்தையும் சுருக்கி வைத்திருக்கிறது. ஒரு பெரிய இரை உள்ளே போனதும் எல்லாம் மாறுகிறது. வளர்சிதை மாற்ற வேகம் 40 மடங்குக்கும் மேல் உயர்கிறது. சிறுகுடலின் எடை இரட்டிப்பாகிறது. 48 மணி நேரத்துக்குள் இதயத்தின் கீழறைத் தசை 40 விழுக்காடு பெருக்கிறது என்று 2005இல் அளந்தார்கள். இரத்தத்தில் கூடும் சில கொழுப்பு அமிலங்களே இதயத்துக்கு இந்தக் கட்டளையைத் தருகின்றன என்று 2011இல் தெரிந்தது. செரிமானம் முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும்.

இத்தனைக்கும் வெளிவெப்பம் வேண்டும். உண்ட பாம்பு வெதுவெதுப்பான இடம் தேடி அசையாமல் கிடப்பது அதனால்தான். உடல் மிகவும் குளிர்ந்துபோனால் செரிமானத்தை முந்திக்கொண்டு இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். யாராவது விரட்டினாலும் அப்படித்தான். வயிற்றுப் பாரத்தோடு தப்ப முடியாது என்பதால், பல வாரக் காத்திருப்பில் கிடைத்த ஒரே உணவை அங்கேயே விட்டுவிட்டு ஓடும்.